டிரங்குப் பெட்டியில் ஓர் ஒயர்

மேல்நாடுகளில் கோடை பிறந்ததும் பலர் குடும்பத்தோடு வண்டியேறி ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ கூடாரமிட்டுச் சில வாரங்கள் தங்குவதுண்டு. அவர்களுள் சிலர் சிறியதொரு டிஷ் ஆன்டெனாவையும் அதற்கான கேபிளையும் உடன் கொண்டு செல்வார்கள் என்று படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அத்தகைய கூடாரவாசிகளாக ஆண்டுதோறும் இரண்டு மாதம் நாங்களும் வாழ்கிறோம் என்பதை அதுவரை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

எங்கள் கூடாரம் முந்திரித் தோப்புக் கொட்டகை. நெய்வேலி நகரியத்தில் கணவனும் மனைவியுமாக நாங்கள் குடியிருந்தாலும், வேர் இருப்பது முத்தாண்டிக்குப்பத்துச் செம்மண்ணில். பங்குனியில் முந்திரிப் பழம் விழத் தொடங்கினால் கொட்டை பொறுக்கவும் காவல் காக்கவும் தோப்பிலேயே தங்க வேண்டும். தவக்காலமும் முந்திரிக் காலமும் எங்கள் பக்கத்தில் ஒன்றாகவே வரும். பழச்சாற்றின் கறை படிந்த கைகளோடுதான் நாங்கள் சிறு வயது முதல் குருத்தோலை பிடித்திருக்கிறோம்.

டிஷ் ஆன்டெனா இந்தத் தோப்புக்கு வந்தது 2005-ஆம் ஆண்டில். அதற்கு முந்திய டிசம்பரில்தான் தூர்தர்ஷன் மாதக் கட்டணம் இல்லாத டிஷ் ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தது. அண்ணன் அப்போது சுரங்கத்தில் பணியில் இருந்தார். ஒரு ஞாயிறு மாலை சிறிய தட்டு ஒன்றையும் இருபது மீட்டர் ஒயரையும் மிதிவண்டியில் கட்டிக்கொண்டு தோப்புக்கு வந்து சேர்ந்தார். கார் பாட்டரியும் சிறு இன்வெர்ட்டரும் முன்பே இருந்தன. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஏப்ரல் 2-ஆம் நாள் இறந்த செய்தியை அம்மா முந்திரி மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்துதான் பார்த்தார். அன்று முதல் அந்தத் தட்டு அம்மாவுக்குச் சொந்தமாயிற்று.

நூல்கள் ஓரச்சு வடம் என்று குறிப்பிடும் அந்தக் கேபிளை ஊர் டிஷ் ஒயர் என்கிறது. தடிமன் ஏழு மில்லிமீட்டர் அளவே. நடுவில் ஒற்றைக் கம்பி. அதைச் சூழ்ந்து வெண்ணிற நுரைப் பிளாஸ்டிக். அதன்மேல் அலுமினியத் தாள். அதற்கும் மேல் மெல்லிய கம்பிகளால் பின்னிய உறை. எல்லாவற்றுக்கும் வெளியே கறுப்புத் தோல். இங்கிலாந்தின் ஆலிவர் ஹெவிசைட் என்பவர் 1880-ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். தொலைக்காட்சி என்னும் பொருளே அன்று உலகில் இல்லை.

இந்த ஒயருக்கு இரண்டு வேலை. பெட்டியிலிருந்து பதின்மூன்று அல்லது பதினெட்டு வோல்ட் மின்சாரத்தை மேலே கொண்டுபோய்த் தட்டின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.க்கு ஊட்ட வேண்டும். ஏறத்தாழ முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்து விழும் மெலிந்த அலையை அதே வழியில் கீழே இறக்கவும் வேண்டும். நடுக் கம்பிக்கும் வெளிப் பின்னலுக்கும் உள்ள இடைவெளி தொடக்கம் முதல் இறுதி வரை மாறாமல் இருந்தால்தான் அலை ஒழுங்காக வந்து சேரும். ஒயரை மடக்கினாலோ இறுக்கிக் கட்டினாலோ உள்ளிருக்கும் நுரை நசுங்குகிறது. நசுங்கிய இடத்தில் அலையின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடுகிறது. வெளித்தோலைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இதையெல்லாம் அண்ணன் நூல்களில் படித்து அறிந்தவரல்லர். சுரங்கத்தில் மேல்மண்ணையும் நிலக்கரியையும் வெட்டும் பக்கெட் வீல் எந்திரம் நகரும்போது அதற்கு மின்சாரம் தரும் தடித்த கேபிளும் கூடவே இழுபட்டு வரும். அதை எடுத்து வைக்கும் ஆட்களுள் ஒருவராக அண்ணன் பல ஆண்டு உழைத்தவர். கேபிளைத் தரையில் எட்டு வடிவில் பரப்பி வைக்க வேண்டும் என்பார். ஒரே திசையில் வட்டமாகச் சுற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே ஒரு முறுக்கு ஏறும்; பிரிக்கும்போது அத்தனை முறுக்கும் முடிச்சாகித் திரும்பும். யானைத் துதிக்கை போன்ற அந்தக் கேபிளிடம் கற்றதையே இந்த எலிவால் ஒயரிடமும் அவர் காட்டினார்.

பருவம் முடிந்து தோப்பைவிட்டு இறங்கும் நாளில் அவர் ஒயர் சுருட்டுவதைப் பார்க்க ஊர்ப் பிள்ளைகள் கூடுவார்கள். முதலில் ஒயர் முழுவதையும் தரையில் நீள விரித்துப் பழைய துணியால் துடைப்பார். இடக்கையில் முனையைப் பிடித்து முதல் வளையத்தை அதன் இயல்பான போக்கில் விடுவார். இரண்டாம் வளையத்துக்கு மணிக்கட்டை உட்புறமாகத் திருப்பி, ஒயர் தலைகீழாக வந்து படியும்படி வைப்பார். முதல் வளையம் ஏற்றிய முறுக்கை இரண்டாம் வளையம் இறக்கிவிடும். நேர் ஒன்று, எதிர் ஒன்று என்று மாறி மாறி ஒன்றரை அடி அகலத்தில் பதினான்கு வளையங்கள் படியும். உள்ளங்கையிலும் முழங்கையிலும் மாட்டிச் சுற்றுவது கூடவே கூடாது. பழைய வேட்டிக் கிழிசலால் மூன்று இடங்களில் தளரக் கட்டி, இரு முனைகளுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு நூல் சுற்றுவார். பின்னல் உறை விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதைப் போல் நீரை உள்ளே இழுத்துவிடும் என்பது அவர் சொல்லும் காரணம். ஆணியில் தொங்கவிட மாட்டார். அம்மா திருமணத்துக்குக் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில், சேலைகளுக்கு மேல், தட்டையாகப் படுக்க வைப்பார்.

இந்தச் சடங்குக்கு அரை மணி நேரம் ஆகும். மூட்டைகளை வண்டியில் ஏற்றிவிட்டு நாங்கள் காத்திருப்போம். "இருநூறு ரூபாய் ஒயருக்கு இத்தனை பூசையா?" என்று ஒருமுறை கேட்டும்விட்டோம். அண்ணன் கோபிக்கவில்லை. "ஒயருக்கு ஞாபகம் உண்டு, தெரியுமா உங்களுக்கு? நீங்க அதை எப்படி வச்சீங்களோ அப்படியேதான் அடுத்த வருஷம் எழுந்து வரும்" என்றார். உள்ளே இருப்பது செம்பு பூசிய எஃகுக் கம்பி. ஒருமுறை மடிந்தால் அந்த மடிப்பை அது விடாது என்று பின்னாளில் அறிந்தோம்.

2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூர்க் கரையைக் கடந்தது. அந்த விடியற்காலையைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை வேறு கட்டுரையாகிவிடும். பாட்டன் காலத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மாடியில் இருந்த தட்டு எங்கே பறந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. ஓடுகள் சரிந்த வீட்டுக்குள் டிரங்குப் பெட்டி மட்டும் நனையாமல் இருந்தது. சேலைகளும் நனையவில்லை, ஒயரும் நனையவில்லை. அடுத்த ஆண்டு வேறு தட்டு வாங்கினோம். ஒயர் அதே ஒயர். கொட்டகைக்கு முன்னால் அம்மா தம் கையால் ஒரு முந்திரிக் கன்றையும் நட்டார்.

2019-இல் பருவத்தின் கடைசி நாளன்று அண்ணன் இல்லை. மகளின் பிரசவத்துக்காகச் சென்னை சென்றிருந்தார். மதியம் வானம் கறுத்துக் கோடை மழை இறங்கியது. மூட்டைகள் நனையக் கூடாதே என்ற பதைப்பில் நாங்கள் ஒயரை முழங்கையில் மாட்டி வேகவேகமாகச் சுற்றினோம். கையில் கிடைத்த கட்டுக்கம்பியால் குறடு கொண்டு முறுக்கினோம். ஈரத்தோடு, முனைகளை மூடாமல், கொட்டகைச் சுவரில் உர மூட்டைக்கு மேலிருந்த ஆணியில் மாட்டினோம். வீட்டுக்குப் போனதும் எடுத்துச் சரிசெய்யலாம் என்றுதான் எண்ணினோம். பத்து மாதம் அது அங்கேயே தொங்கியது.

பிறகு வந்தது 2020. மார்ச் 25 முதல் நாடு அடங்கிப்போனதும், கோயில்கள் மூடியதும் யாவரும் அறிந்தவை. மார்ச் 27-ஆம் நாள் இரவு, மழையில் நனைந்து கிடந்த வெறும் சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியாக நடந்து வருவதை அம்மா ஊர் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தார். எண்பத்திரண்டு வயதில் அவர் காணாத கூட்டமில்லை. கூட்டமே இல்லாத கோயிலை அன்றுதான் கண்டார். "பெரிய வெள்ளிக்கும் இப்படிக் காட்டுவாங்களா?" என்று கேட்டார். காட்டுவார்கள் என்றோம்.

விவசாய வேலைக்குத் தடை இல்லை, ஆட்கள்தாம் வரவில்லை. விழுந்த கொட்டை மண்ணிலேயே கிடக்க, குருத்து ஞாயிறு கழிந்த திங்களன்று அம்மாவையும் அழைத்துக்கொண்டு தோப்பில் குடியேறினோம். கைப்பேசி இருக்கிறதே என்று கேட்கலாம். தோப்பில் அதற்கு அலை ஒழுங்காக எட்டாது. கண்புரை நீக்கிய அம்மாவின் கண்ணுக்கு அந்தத் திரையும் எட்டாது.

பெரிய வியாழன் மாலை ஆணியிலிருந்து ஒயரை இறக்கினோம். கட்டுக்கம்பியை வெட்டியதும் அது சுருள்வில் போல் துள்ளி மண்ணில் உருண்டது. இழுத்தால் முடிச்சு, உதறினால் மேலும் ஒரு முடிச்சு. ஒருவாறு நீட்டி இணைத்துப் பெட்டியை முடுக்கியபோது, சிக்னல் இல்லை என்ற ஒற்றை வரி திரையில் நின்றது. தட்டுதான் விலகியிருக்கும் என்று முடிவு செய்தோம். எங்கள் செயற்கைக்கோள் 93.5 பாகைக் கிழக்கில் இருப்பது. நெய்வேலிப் பக்கத்திலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, உச்சிக்குச் சற்றுக் கீழே. சரியாக இருந்த தட்டை டார்ச் வெளிச்சத்தில் இடமும் வலமும் நள்ளிரவு வரை திருப்பி, இருந்த திசையையும் தொலைத்தோம். ஆண்டவருடைய இராவுணவுத் திருப்பலி அன்று எங்கள் கொட்டகையில் இல்லை.

"என்ன ஆச்சு?" என்று கட்டிலிலிருந்து அம்மா கேட்டார். நாங்கள் சொன்ன பதிலை இங்கே மறைக்காமல் எழுதுகிறோம். "வானத்துல கோளாறும்மா. சூரியன் செயற்கைக்கோளுக்குப் பின்னாடி வந்தா இப்படித்தான் ஆகும்" என்றோம். ஆண்டில் இருமுறை, மார்ச்சிலும் பின்னர் இலையுதிர் காலத்திலும், பகலில் சில நிமிடம் அவ்வாறு படம் மறைவது உண்மையே. ஏப்ரல் மாதத்து நள்ளிரவில் அது நடப்பதில்லை. உண்மையிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து எங்கள் குற்றத்தின்மேல் போர்த்தினோம்.

அம்மா சிறிது நேரம் பேசாதிருந்தார். "வானத்துல என்ன கோளாறு வரப்போவுது? இருந்தா கீழதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

பெரிய வெள்ளி காலையில் மேட்டில் ஏறி நின்று சென்னைக்குப் பேசினோம். பேத்தியின் முதல் பிறந்தநாளுக்குப் போன அண்ணன் ஊரடங்கில் அங்கேயே அகப்பட்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "எப்படிச் சுருட்டி வச்சீங்க?" நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்த மௌனத்திலிருந்தே அவருக்கு விளங்கிவிட்டது. கடிந்துகொள்வார் என்று காத்திருந்தோம். "பெட்டிக்கு வர்ற கரண்டை முதல்ல நிறுத்துங்க. தட்டை இனிமே தொடாதீங்க. ஒயரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவிக்கிட்டே போங்க" என்றார்.

அவ்வாறே தடவினோம். வெயிலில் அமர்ந்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே விரற்கடை விரற்கடையாக ஒயரை நகர்த்தியபோதுதான், பதினைந்து ஆண்டு எங்களோடு இருந்த பொருளை முதன்முறையாகத் தொடுகிறோம் என்று தோன்றியது. பதினேழு மீட்டர் வரை வழவழப்பாக வந்தது. தட்டுப் பக்கத்துக் கடைசி இரண்டு வளையங்கள் இருந்த நீளத்தில் விரல் தடுக்கியது. கட்டுக்கம்பி இறுகிய இடத்தில் ஒயர் தட்டையாகிக் கிடந்தது. அதற்கடுத்த அடியில் எலி கடித்த தோலுக்குள் பின்னல் கறுத்துப் பொடியாய் உதிர்ந்தது. முனையிலிருந்த திருகில் உரக்காற்றும் ஈரமும் சேர்ந்து பச்சை பூத்திருந்தது.

கடைகள் மூடிக் கிடந்தன. ஊர் வீட்டுப் பெட்டிக்குப் பின்னாலிருந்த துண்டு ஒயரிலிருந்து இரண்டு திருகுகளைக் கழற்றிக் கொண்டுவந்தோம். கெட்ட மூன்று மீட்டரை வெட்டி எறிந்தோம். தோலைச் சீவி, பின்னலைப் பின்னுக்கு மடித்து, அதில் ஓரிழைகூட நடுக் கம்பியைத் தீண்டாமல் திருகைப் பூட்ட வேண்டும். சவர அலகால் முதலில் சீவியபோது நடுக்கம்பியும் சேர்ந்து அறுந்தது. இரண்டாம் முறை சரியாக வந்தது. இதற்குள் பிற்பகல் மூன்று மணி ஆகிவிட்டது. அம்மா தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அந்த வெள்ளியன்று சிலுவைப் பாதை எங்கள் தோப்பின் பதினான்கு முந்திரி மரங்களைச் சுற்றி நடந்தது. செபங்களை அவரே மனப்பாடமாகச் சொன்னார். ஒயர் பிடித்த கறுப்புக் கையோடு நாங்கள் பின்னால் நடந்து பதில் சொன்னோம்.

ஒயர் மூன்று மீட்டர் குறைந்ததால் தட்டை வெட்டவெளியிலிருந்து கொட்டகைக்கு அருகே கொண்டுவர வேண்டியதாயிற்று. அங்கே தென்கிழக்கு வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது, புயலுக்குப் பின் அம்மா நட்ட மரம். காய்த்துத் தாழ்ந்த கிளை ஒன்று தட்டின் பார்வைக்கு நேர் குறுக்கே கிடந்தது. சனிக்கிழமை பிற்பகல் அரிவாளோடு போனோம். இதற்கு அம்மாவைக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அவர் கட்டிலைவிட்டு இறங்கி வந்து கிளையையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதுக்கு வெட்டணும்? கயிறு போட்டு அந்தப் பக்கம் இழுத்துக் கட்டுங்க. நாளைக்கு அவுத்து விட்டுடலாம்" என்றார். கிணற்றுக் கயிறு எங்கே இருக்கிறது என்பதையும் அவரே சொன்னார். கூரையின் கீழ் மூங்கில் மேல், சிக்கில்லாமல் வளையம் வளையமாகக் கிடந்தது அது. ஒரு முடிச்சும் அவிழ்க்க நேரவில்லை. அண்ணனுக்கு முன்பே அந்த வீட்டில் சுருட்டத் தெரிந்தவர் ஒருவர் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எங்கள் மண்டையில் உறைத்தது.

மாலை ஏழு மணியளவில், தட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டிருக்கையில், திரையில் ஒளி பிறந்தது. நம் மொழியில், மூடிய கதவுகளுக்குள் ஒரு சில குருக்கள் மட்டும் நின்று நிறைவேற்றிய பாஸ்கா திருவிழிப்பு. பாஸ்கா திரி ஏற்றப்பட்டபோது அம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு கட்டிலிலிருந்து எழுந்து நின்றார். நாங்களும் நின்றோம். பாட்டரி தீர்ந்துவிடுமோ என்று எங்கள் கண் இன்வெர்ட்டரின் சிவப்பு விளக்கின் மீதே இருந்தது. உன்னதங்களிலே பாடல் வரை ஒலித்தது. நற்செய்தி வரை வந்தது. திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும் இடத்தில் விளக்கு அணைந்து திரை இருண்டது. அம்மா சிறிதும் தடுமாறாமல், இருட்டை நோக்கி, கேட்கப்படாத கேள்விகளுக்கெல்லாம் "விட்டுவிடுகிறேன்", "விசுவசிக்கிறேன்" என்று ஒவ்வொன்றாக விடை சொல்லி முடித்தார்.

அன்று இரவு ஒயர் கதையை அவரிடம் சொன்னோம். வானத்தில் ஒன்றுமில்லை, குற்றம் எங்களுடையது என்றோம். "அதான் நேத்தே தெரியுமே. மரத்தடியில உக்காந்து எதையோ வெட்டிக்கிட்டு இருந்தீங்க. வானத்தையா வெட்டினீங்க?" என்றார். சிரிக்கிறாரா என்று இருட்டில் தெரியவில்லை.

ஜூன் மாதம் அண்ணன் வந்தார். வெட்டுப்பட்ட ஒயரைக் கையில் வாங்கிப் புதுத் திருகைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, நல்லாத்தான் சீவியிருக்கீங்க" என்றார். அதற்குமேல் அதைப்பற்றி அவர் பேசவில்லை.

அம்மா 2022-ஆம் ஆண்டு கார்த்திகையில் மறைந்தார். அடுத்த பருவத்துக்குத் தட்டு வேண்டுமா என்ற பேச்சு எழுந்தது. எடுத்துப் போனோம், இன்றும் எடுத்துப் போகிறோம். கயிற்றுக் கட்டில் அதே இடத்தில்தான் கிடக்கிறது. அந்தக் கிளை இப்போது கொட்டகைக் கூரைக்கு மேல் போய்விட்டது. கயிறு கட்டிய இடத்தில் தழும்பு இல்லை.

அண்ணனின் விரல்களில் இப்போது நடுக்கம் கண்டிருக்கிறது. ஆகவே, பருவத்தின் கடைசி நாளில் சுருட்டுவது நாங்கள். அருகே முக்காலியில் அமர்ந்து எண்ணுவது அவர். நேர் ஒன்று, எதிர் ஒன்று. பதினான்கு இருந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு. முனைகளுக்கு உறை போட்டாயிற்றா என்று கேட்பார். அம்மாவின் பழைய நூல்சேலையில் கிழித்த மூன்று துண்டுகளால் கட்டுவோம். ஒவ்வொரு கட்டிலும் விரலை நுழைத்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் தளர்த்துங்க" என்பார். தளர்த்திவிட்டு டிரங்குப் பெட்டியைத் திறக்கிறோம்.